76 சென்டிமீட்டர் கம்பு

நாகர்கோவிலில் இருந்து கன்னியாகுமரிக்குப் போகும் பஸ்ஸில் இடப்பக்க ஜன்னலோரம் கிடைத்தவர்களுக்கு மருந்துவாழ்மலையை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சுசீந்திரம் தாண்டி, வழுக்கம்பாறை தாண்டி, பொற்றையடியை நெருங்கும்போது தென்னந்தோப்புகளுக்கு மேலே பாறையும் பச்சையுமாக எழுந்து நிற்கும். எங்கள் பக்கத்தில் பொற்றை என்றால் குன்று. குன்றின் அடியில் இருக்கும் ஊருக்குப் பொற்றையடி என்று பெயர் வைத்தவர்களை நினைத்தால் எனக்கு மகிழ்ச்சியாக இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலை தெற்கே கடலைப் பார்த்து நிற்கும் கடைசி உயரங்களில் இதுவும் ஒன்று. அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது உதிர்ந்து விழுந்த துண்டு என்பது ஊர் வழக்கு. மருந்துச் செடிகள் வாழ்கிற மலை என்று பெயருக்குப் பொருள் சொல்வார்கள்.

சின்ன வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த மலையில் ஏறியிருக்கிறேன். பிறகு பலமுறை நண்பர்களோடு ஏறினேன். சைக்கிளில் ஏறலாம் என்ற எண்ணம் மட்டும் வந்ததில்லை. அதைக் கொண்டுவந்தவன் என் தங்கை மகன்.

கோவையில் பொறியியல் படிக்கிறான். சேர்த்து வைத்த பணத்தில் பழைய மவுண்டன் பைக் ஒன்றை வாங்கி, ரயிலில் ஏற்றி ஊருக்குக் கொண்டுவந்துவிட்டான். நவம்பர் கடைசியில் ஒரு மாலை, மழை விட்ட நேரத்தில், தங்கை வீட்டு முற்றத்தில் அதைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கேட்டான். "மாமா, மருந்துவாழ்மலை உச்சிக்கு இதில் ஏறி இறங்குவோமா?" பதினைந்து ஆண்டுகளாக அன்றாடம் சைக்கிள் ஓட்டுகிறவன் நான். யோசிக்காமல் சரி என்று சொல்லிவிட்டேன். அதற்குப் பின் வந்த ஐந்து வாரங்களும் இந்தத் திட்டத்திலேயே போயின.

ஏன் வேறு மலை இல்லை என்று கேட்கலாம். மாவட்டத்தின் வடகிழக்கு எல்லையில் 1654 மீட்டர் உயரத்தில் மகேந்திரகிரி நிற்கிறது. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம் இருக்கிறது, மேலே காடு. நினைத்தபோது சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போகிற இடம் இல்லை. காளிகேசம், கீரிப்பாறைப் பக்கம் போனால் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. அங்கே யானைக்கும் மிளா மானுக்கும்தான் முதல் உரிமை. மருந்துவாழ்மலையோ ஊரை ஒட்டி நிற்கிறது, எல்லோரும் ஏறுகிறார்கள், விடியற்காலையில் வீட்டிலிருந்து கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். எல்லோரும் ஏறுகிற மலை என்பதாலேயே எளிதாக இருக்கும் என்று நினைத்தோம். கணக்கு அங்கேதான் தவறியது.

முதலில் ஏற்றத்தைக் கணக்குப் போட்டோம். மலையின் உயரம் ஏறத்தாழ 1800 அடி என்று ஊரில் சொல்வார்கள். அடிவாரத்திலிருந்து சுமார் 500 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக்கொண்டோம். அவன் சைக்கிளில் முன்னால் 32 பல், பின்னால் பெரிய பற்சக்கரத்தில் 46 பல். 29 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.3 மீட்டர் ஓடும். ஆக, மிக இலகுவான கியரில் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் 1.6 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தாலும் மணிக்கு ஆறு கிலோமீட்டரைத் தொடாது. வேகமாக நடக்கிறவனின் வேகம்தான். ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், தொடை எரியும், ஆனால் யாருக்கும் ஆபத்து இல்லை. முடியாவிட்டால் இறங்கித் தள்ளலாம்.

இறக்கம் அப்படி இல்லை. மலைச் சைக்கிள் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் ஏற்றத்தைப் பற்றியே பேசுவதை நான் கவனித்திருக்கிறேன். எத்தனை கிலோமீட்டர், எத்தனை மீட்டர் உயரம், எத்தனை லிட்டர் தண்ணீர் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இறக்கம் தானாக நடந்துவிடும் என்ற நினைப்பு. ஏறும்போது உடம்பு கொடுத்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது ஏதோ ஒரு வழியில் வெளியே போயாக வேண்டும். ஆளும் சைக்கிளும் பையும் சேர்ந்து 90 கிலோ என்றால், 500 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 440 கிலோஜூல் ஆற்றல் வெளியேறும். குடத்துத் தண்ணீரில் ஒன்றரை லிட்டரை எடுத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவர அது போதும். மெதுவாக இறங்குகிற சைக்கிளில் அந்தச் சூட்டில் பெரும்பகுதி ஒரு சாண் அகலம்கூட இல்லாத இரண்டு இரும்புப் பிரேக் தகடுகளில்தான் இறங்கும்.

இந்தச் சைக்கிளே அப்படி ஒரு சூட்டில் பிறந்ததுதான். அமெரிக்காவின் கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் கவுண்டி என்ற இடத்தில் எழுபதுகளில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் இறக்கத்தில் விட்டார்கள். 1976 அக்டோபரில் அதைப் பந்தயமாகவே நடத்தத் தொடங்கினார்கள். இரண்டு மைல் சொச்சம் தூரத்தில் 1300 அடி இறக்கம். பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கிற பிரேக்தான் அந்தச் சைக்கிள்களில் இருந்தது. கீழே வந்து சேரும்போது பின்சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குள் இருந்த கிரீஸ் உருகிப் புகைந்து போயிருக்கும். மறுபடி இறங்க வேண்டுமானால் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படித் திரும்ப அடைப்பதைக் குறிக்கும் ரீபேக் என்ற சொல்லே அந்தப் பாதைக்குப் பெயராகிவிட்டது. மறு ஆண்டு, 1977இல், ஜோ பிரீஸ் என்பவர் மலைக்கென்றே தனியாக ஒரு சைக்கிளை உருவாக்கினார். 1996இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் அது ஒரு போட்டியாகவும் ஆனது.

இதைச் சொன்னபோது மருமகனின் கண் விரிந்தது. "அப்படியானால் முதலில் பிரேக்கைத்தான் பழக வேண்டும் மாமா" என்றான். சரியான இடத்தைப் பிடித்துவிட்டான் என்று சந்தோஷப்பட்டேன்.

பழகுவதற்கு இடம் இருந்தது. குலசேகரம் பக்கத்தில் என் சித்தப்பாவுக்கு ஒரு ரப்பர் விளை, அதாவது ரப்பர் தோட்டம், இருக்கிறது. சரிவான விளை. மேலே வீடு, கீழே ஓடை. நடுவில் ஜீப் போகிற அளவுக்கு ஒரு செம்மண் பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. சித்தப்பா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். பால் வெட்டுகிறவர்கள் வேலை முடித்துப் பாலெடுத்துப் போன பிறகுதான் சைக்கிள் பாதையில் இறங்க வேண்டும். இருட்டோடு வந்து, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, மரம் மரமாக நடக்கிறவர்கள் அவர்கள். கை நிறையப் பாலோடு வளைவில் வரும்போது எதிரே சைக்கிள் வந்தால் ஒதுங்க இடம் இல்லை. அந்த நிபந்தனையை அப்போது ஒரு நேர ஒழுங்காக மட்டும்தான் நினைத்தேன்.

முற்பகல் பத்து மணிக்கு மேல் இறங்கத் தொடங்கினோம். மழைக்காலத்துச் செம்மண் மேலே உலர்ந்த மாதிரி தெரியும், ஒரு விரல் ஆழத்தில் வெண்ணெய் போல இருக்கும். பின் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது. முன் பிரேக்கைத் திடீரென்று அழுத்தினால் தலைக்குப்புற வீழ்த்தும். இரண்டையும் ஒவ்வொரு விரலால் மட்டும், விட்டு விட்டு, பிடிக்கப் பழக வேண்டும். இருக்கையை நான்கு விரல்கடை தாழ்த்தி, இடுப்பைப் பின்னால் தள்ளி, பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, முழங்காலையும் முழங்கையையும் மடக்கி நிற்க வேண்டும். கண் சக்கரத்துக்குக் கீழே பார்க்கக் கூடாது, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். சொல்ல எளிது. உடம்பு கேட்பதற்கு மூன்று நாள் ஆயிற்று.

இரண்டாவது நாள் நான் வேண்டுமென்றே பிரேக்கை விடாமல் அழுத்திப் பிடித்தபடியே மேலிருந்து ஓடை வரை இறங்கினேன். நாற்பது மீட்டர் உயரம் இருக்கலாம், அதற்கு மேல் இல்லை. கீழே நின்று பாட்டிலில் இருந்து முன்சக்கரத் தகட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். தோசைக்கல்லில் தெளித்த மாதிரிச் சுரீரென்று ஒலி வந்தது. தண்ணீர் சின்னச் சின்ன முத்துகளாகத் துள்ளி, கண் முன்னாலேயே காணாமல் போனது. இரும்பு சூடேறியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். நாற்பது மீட்டருக்கு இப்படி என்றால் 500 மீட்டருக்கு எத்தனை இடத்தில் நிற்க வேண்டும் என்று மருமகன் கணக்குப் போடத் தொடங்கினான். பத்து இடம் என்று முடிவு செய்தோம். அந்தப் பத்து இடங்களும் மலையில் எங்கே இருக்கின்றன என்பதை நடந்து போய்ப் பார்த்துக் குறித்து வருவதுதான் அடுத்த வேலை.

அன்று மாலை அவன் விளையின் ஓரத்தில் நின்ற கொய்யா மரத்தில் நேரான கிளை ஒன்றை வெட்டினான். சைக்கிளின் கைப்பிடியை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நாடாவால் அளந்தான். 76 சென்டிமீட்டர். கம்பை அதே நீளத்துக்கு நறுக்கி, பட்டையைச் சீவி எடுத்தான். "இந்தக் கம்பு எங்கெல்லாம் நுழைகிறதோ அங்கெல்லாம் சைக்கிள் நுழையும் மாமா. மலைக்கு இதை மட்டும் கொண்டுபோவோம்." எனக்குத் தோன்றாத யோசனை. எந்தக் கருவியைவிடவும் இது நேர்மையானது என்று பட்டது.

டிசம்பர் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கு நடந்தோம். ஞாயிறைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இருந்தது. கூட்டம் அதிகமாக இருக்கும் நாளில் பாதை எப்படி இருக்கிறது என்று தெரிந்தால்தான் குறைவாக இருக்கும் நாளை நம்பலாம். அடிவாரம் வரை வண்டி போகிற பாதை. அதன் பிறகு படிகள். ஒரே அளவில் கட்டிய படிகள் இல்லை. ஒன்று முழங்கால் உயரம், அடுத்தது கணுக்கால் உயரம். மழையில் ஓரங்களில் பாசி பிடித்திருந்தது. படி முடிகிற இடத்தில் பாறையும் வேரும் சரளையுமாகப் பாதை தொடங்குகிறது.

மருமகன் கம்பை மார்புக்கு நேராகக் குறுக்கே பிடித்துக்கொண்டு நடந்தான். முதல் அரை மணி நேரம் நன்றாகவே நுழைந்தது. நான் சின்னக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். முதல் நிழல், உட்காரும் பாறை, இடப்பக்கம் சரிவு. பிறகு ஒரு வளைவில் கம்பின் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் பாறையில் இடித்து நின்றன. இன்னொரு வளைவில் ஒரு முனை பாறையிலும் மறுமுனை எதிரே வந்தவரின் தோளிலும் பட்டது. மன்னிப்புக் கேட்டுவிட்டு ஒதுங்கினோம். அவர் ஒதுங்கியது எங்கே என்று பார்த்தேன். ஒரு கால் வைக்கத்தான் இடம் இருந்தது, அதற்கு அப்பால் முள்ளும் பள்ளமும். குறிப்பேட்டில் இடித்த இடங்களுக்குக் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டே வந்தவன், பதினேழாவது கோட்டுக்குப் பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன்.

பாதையில் எங்களோடு ஏறியவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்த ஒரு குடும்பம். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண். பக்கத்திலிருக்கும் அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புப் பதிக்குப் போய்விட்டு அப்படியே வந்ததாகச் சொன்ன நான்கு பேர். நாராயண குரு தவமிருந்த பிள்ளைத்தடம் குகையைப் பார்க்க வந்த மலையாளக் குடும்பங்கள். யாரும் உச்சியைத் தொட்டுவிட்டுத் திரும்புகிற அவசரத்தில் இல்லை. உட்கார்ந்தார்கள், பேசினார்கள், குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள். இந்த மலையில் பாதைதான் பலருக்கும் உட்காரும் இடமும் கும்பிடும் இடமும். கார்த்திகைத் தீபத்துக்கு ஏறுகிறவர்கள் இரவிலும் இதே பாதையில்தான் வருகிறார்கள்.

நடுவழியில் ஒரு மூதாட்டி பாறையில் உட்கார்ந்திருந்தார். எழுபதைத் தாண்டியிருப்பார். வெறுங்கால். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே மருமகனைக் கூப்பிட்டார்.

"மக்களே, இந்தக் கம்பைக் குறுக்கே பிடித்துக்கொண்டு எங்கே போகிறாய்?"

அவன் விளக்கினான். சைக்கிள், கைப்பிடி, அளவு எல்லாம் சொன்னான். அவர் இடக்காதைத் திருப்பி வைத்துக் கேட்டார். பாதி கேட்டதா முழுவதும் கேட்டதா என்று தெரியவில்லை.

"இதிலா? நான் இறங்கும்போது பின்னால் வந்து மணி அடித்தால் எனக்குக் கேட்காதே, மக்களே. நீதான் பார்த்து வர வேண்டும்."

வேண்டாம் என்று அவர் சொல்லவே இல்லை. பார்த்து வா என்றுதான் சொன்னார். அவன் "சரி ஆச்சி" என்று தலையாட்டினான்.

அங்கிருந்து இருபது நிமிடம் ஏறியிருப்போம். செங்குத்தான சரளை. முன்னால் போன மருமகனின் காலடியில் ஒரு கல் நழுவியது. இளநீர்க்காய் அளவு இருக்கும். முதலில் மெதுவாக இரண்டு முறை புரண்டது. பிடித்துவிடலாம் என்று நான் குனிந்தேன். என் கை எட்டுவதற்குள் பாறை விளிம்பைத் தாண்டிவிட்டது. பிறகு ஒலி மட்டும்தான். டக், அப்புறம் இடைவெளி, அப்புறம் இன்னும் பலமாக ஒரு டக். கீழே எங்கோ குழந்தைகள் சிரிக்கும் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. எனக்குத் தொண்டை அடைத்துக் குரல் வரவில்லை. அவன்தான் "கல்லு, கல்லு" என்று கத்தினான். சிரிப்பு நின்றது. கல் ஏதோ ஒரு பாறையில் மோதி உடைந்த ஒலி வந்தது. சிறிது நேரம் கழித்து ஒரு ஆணின் குரல், ஒன்றும் இல்லை, போங்கள் என்றது.

அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்தேன். நடந்து போன கால் தள்ளிய கல் அது. இரண்டு சக்கரமும் 90 கிலோ எடையும் தள்ளினால் எத்தனை கல் நழுவும் என்று இருவருமே யோசித்துக்கொண்டிருந்தோம், யாரும் வாய் திறக்கவில்லை.

உச்சியில் காற்று பலமாக இருந்தது. தெற்கே கடல் ஒரே வெள்ளிக் கோடாக மின்னியது. தென்னந்தோப்பு, குளங்கள், உப்பளப் பாத்திகள், தூரத்தில் குமரிமுனை. அங்கே உட்கார்ந்துதான் பேசினோம். மரின் கவுண்டி இளைஞர்களின் கதையில் நான் அவனுக்குச் சொல்லாமல் விட்ட பகுதியை அப்போது சொன்னேன். அந்த வட்டாரத்தில் 784 மீட்டர் உயரமுள்ள தமல்பையஸ் என்ற மலை இருக்கிறது. நகரத்துக்கு அருகில் இருப்பதால் நடக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக வருவார்கள். சைக்கிள்கள் பெருகியதும் நடப்பவர்களுக்கும் குதிரையில் வருகிறவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் இடையே பல ஆண்டுகள் மனக்கசப்பு நீடித்தது. அங்கே பெரும்பாலான ஒற்றையடிப் பாதைகள் நெடுங்காலம் சைக்கிளுக்கு மூடியே இருந்தன. பெரும்பாலும் அகலமான காட்டுத்தீ தடுப்புப் பாதைகளில்தான் ஓட்ட முடிந்தது. அங்கும் மணிக்கு 15 மைல், அதாவது 24 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஆட்களைக் கடக்கும்போதும் மறைவான வளைவிலும் 5 மைல்தான், அதாவது 8 கிலோமீட்டர்.

அவன் உடனே கணக்குப் போட்டான், அது அவன் சுபாவம். 24 கிலோமீட்டர் வேகத்தில் ஆளைக் கண்டு, பிரேக் பிடித்து, சரளையில் நிற்க ஏறத்தாழ 12 மீட்டர் வேண்டும். 8 கிலோமீட்டர் வேகத்தில் என்றால் 3 மீட்டர். நாங்கள் ஏறி வந்த பாதையில் பல வளைவுகளில் இரண்டு மீட்டருக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. நடக்கிற வேகத்துக்கும் கீழே இறங்கினால்தான் யாரையும் இடிக்காமல் நிற்க முடியும். அப்படி இறங்குவதற்கு 13 கிலோ இரும்பும் அலுமினியமும் எதற்கு?

"படி முடியும் வரை தோளில் தூக்கிக்கொண்டு வந்து, மேலே கொஞ்ச தூரம் மட்டும் ஓட்டினால்?" என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே கம்பைப் பார்த்தான். தோளில் சைக்கிளோடு அந்தப் படிகளில் ஏறினால் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் பள்ளத்துப் பக்கம் ஒதுங்க வேண்டும். வெறுங்காலோடு குழந்தையை இடுக்கி வருகிற பெண்ணும் ஒதுங்க வேண்டும். பால் வெட்டுகிறவர்களுக்காகச் சித்தப்பா சொன்ன நிபந்தனை எனக்கு அப்போதுதான் முழுவதும் விளங்கியது. அவர் நேரத்தை வைத்துப் பேசவே இல்லை, கை நிறையச் சுமையோடு வருகிறவர் ஒதுங்கக் கூடாது என்றுதான் சொல்லியிருக்கிறார். ரப்பர் விளையில் வேலை பத்து மணிக்கு முடிந்துவிடும். இந்த மலையில் மக்கள் வருவது முடிவதே இல்லை.

எனவே சைக்கிள் அடிவாரத்தோடு நிற்கும் என்று முடிவு செய்தோம். முடிவு செய்தவன் அவன்தான். நான் சொல்லியிருந்தால் மனதுக்குள் ஒரு குறை தங்கியிருக்கும்.

இறங்கும்போது அதே ஆச்சியைப் பார்த்தோம். கொஞ்சம் மேலே வந்திருந்தார், இப்போது பாறையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். மருமகன் கம்பை நீட்டினான். அவர் வாங்கி, மேல் முனையை உள்ளங்கையால் ஒருமுறை தடவி, கீழ் முனையைப் பாறையில் இரண்டு முறை தட்டிப் பார்த்தார். குட்டையான உருவம், 76 சென்டிமீட்டர் இடுப்புக்குச் சரியாக வந்தது. "எனக்கு என்றே வெட்டினாயா?" என்று கேட்டார். அவன் ஆமாம் என்றான்.

திட்டம் அதோடு கலையவில்லை, வடிவம் மாறியது. இப்போது இருப்பதைச் சொல்கிறேன். ஜனவரி முதல் வாரத்தில் ஒரு புதன்கிழமை. பொங்கலை ஒட்டிய நாள்களும் பௌர்ணமியும் ஞாயிறும் வேண்டாம். அதற்குள் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், பாறை காய்ந்திருக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இதை நினைக்கவே கூடாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசுகிற காற்று முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிற மாதங்கள் அவை, பக்கவாட்டில் அடித்தால் சைக்கிள் சாலையின் நடுவுக்கு இழுக்கப்படும். ஒரு ஜூலையில் நான் பட்டிருக்கிறேன்.

காலை 4.45க்கு நாகர்கோவிலில் புறப்பாடு. ஜனவரியில் ஆறரை மணி கழிந்துதான் சூரியன் வரும். ஐயப்ப பக்தர்களின் வேன்கள் சூரிய உதயத்தைப் பிடிக்கக் கன்னியாகுமரியை நோக்கி விரைகிற நேரம் அது. அதனால் போகும்போது முன்னும் பின்னும் விளக்கு, ஒளி பட்டால் மின்னுகிற மேல்சட்டை, ஒருவர் பின் ஒருவராக ஓரத்தில் மட்டும். சுசீந்திரத்தில் நிற்போம். பழையாற்றுப் பாலத்தில் ஒரு மூச்சு, கோயில் முன் ஒரு கும்பிடு. உள்ளே மிக உயரமான அனுமன் நிற்கிறார், அவர் உதிர்த்த துண்டுக்குத்தானே போகிறோம். ஐந்தே முக்காலுக்குப் பொற்றையடி. அடிவாரத்தில் தெரிந்தவர் வீட்டில் சைக்கிள்களைப் பூட்டிவிட்டு நடை. வெயில் ஏறுமுன் உச்சி, ஒன்பதரைக்குக் கீழே.

பிறகுதான் மருமகன் காத்திருக்கும் பகுதி. திரும்பும்போது பெரிய சாலை வேண்டாம். மயிலாடி வழியாகச் சுற்றுகிறோம். சிற்பிகளின் உளிச் சத்தம் சாலை வரை கேட்கிற ஊர் அது. அங்கிருந்து தேரூர்க் குளக்கரை. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022இல் ராம்சார் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, ஜனவரியில் வலசைப் பறவைகள் வந்து நிறைந்திருக்கும். மொத்தம் முப்பது கிலோமீட்டர் சொச்சம் சைக்கிளில். மறுநாள் ஓய்வு. அதற்கு மறுநாள் குலசேகரம், சித்தப்பா விளை, செம்மண் இறக்கம். பால்வெட்டு முடிந்த பிறகு, நாற்பது மீட்டர் இறக்கத்தைப் பன்னிரண்டு தடவை இறங்கினால் மருந்துவாழ்மலையின் உயரம் கிட்டத்தட்ட வந்துவிடும் என்பது அவன் கணக்கு. ஒவ்வொரு தடவையும் மிதித்து ஏற வேண்டும் என்பதும் அந்தக் கணக்கில் அடங்கும்.

கொண்டுபோகிறவை அதிகம் இல்லை. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஒரு சீப்பு மட்டிப்பழம், தோல் மெல்லியது என்பதால் பையின் மேல்பக்கம். கருப்பட்டித் துண்டு. இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் சாமான், கைப் பம்பு, சங்கிலி இணைப்பு ஒன்று, மாற்றுப் பிரேக் பேட் ஒரு ஜோடி. வரப்போரத்து உடைமுள் டயரில் ஏறுவது நிச்சயம், அதனால் முள் பிடுங்க ஒரு சின்னக் குறடு. காற்று சாலைக்குச் சற்றுக் கூடுதலாக அடித்துக்கொண்டு, விளையில் இறங்குமுன் குறைத்துக்கொள்வோம். தலைக்கவசம் இல்லாமல் முற்றத்தைவிட்டே வெளியே போகக் கூடாது என்பது தங்கையின் உத்தரவு.

நேற்று இரவு மருமகன் போன் செய்தான். சித்தப்பா விளையில் அந்தக் கொய்யா மரத்திலேயே இன்னும் இரண்டு கம்பு வெட்டிச் சீவி, வெயிலில் காயப்போட்டிருக்கிறானாம். சைக்கிள் பாரில் கட்டிக் கொண்டுவந்து, மலைப்படி தொடங்குகிற இடத்தில் சாத்தி வைக்கப் போகிறானாம். எவ்வளவு நீளம் என்று கேட்டேன்.

"ஒன்று 76, ஒன்று 90. உயரமான ஆச்சிகளும் வருவார்கள் அல்லவா, மாமா" என்றான்.